ஹென்ரிக்கஸ் என்றால் ஹென்றி என்று நம்பாதீர்கள்

பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசு சேர்க்க வருபவர்கள், முன்னால் வந்தவர்கள் பணம் விட்ட இடங்களிலேயே விடுகிறார்கள். காசின் ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடலாம்.

பெயரை வைத்து அரசரை முடிவு செய்வது

1180 முதல் 1247 வரை அடித்த குறுஞ்சிலுவைப் பென்னிகளில் (பின்புறச் சிலுவையின் கைகள் விளிம்பைத் தொடாதவை) 'ஹென்ரிக்கஸ் ரெக்ஸ்', அதாவது லத்தீனில் 'ஹென்றி அரசர்' என்றே இருக்கும். இரண்டாம் ஹென்றி 1189இல் இறந்துவிட்டார். பிறகு ரிச்சர்டு, ஜான், மூன்றாம் ஹென்றி ஆண்டபோதும் காசில் பெயர் மாறவில்லை. வரிசை எண்ணும் இல்லை. விற்பவர் உறையில் 'இரண்டாம் ஹென்றி' என்று எழுதியிருப்பதை நம்பி, சந்தையில் மலிந்து கிடக்கும் மூன்றாம் ஹென்றியின் ஏழாம் வகைக்கு (வகை எண்கள் ஆய்வாளர்கள் வகுத்தவை) கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இதைவிட எரிச்சல், உறையில் 'ஜான்' என்று சரியாகக் குறித்த காசை, காசில் அந்தப் பெயர் இல்லையே, போலி என்று திருப்பி அனுப்புவது.

பத்து மடங்கு லென்ஸ் போதும். முதலில் 'ஹென்ரிக்கஸ்' கடைசியில் வரும் எஸ் எழுத்தைப் பாருங்கள். அது இடவலம் திரும்பியிருந்தால் ஜான் காலத்து 5அ வகை. அடுத்து தலைமுடி: முதல் வகையின் நேர்த்தியான காசுகளில் இடப்பக்கம் 2 சுருள், வலப்பக்கம் 5. பிறகு பின்புறம்: 'வில்லெல்ம் ஆன் லண்ட்' போல, அடித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். அந்த 'ஆன்' என்பதை லத்தீன் அகராதியில் தேடாதீர்கள்; அது பழைய ஆங்கிலம், 'இன்ன ஊரில்' என்று பொருள். எந்த ஊரில் யார் எந்த வகையை அடித்தார் என்ற பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சிலுவையின் கைகள் விளிம்பு வரை நீண்டிருந்தால் அது 1247க்குப் பிந்தைய நெடுஞ்சிலுவை. ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க வந்த மாற்றம். 'மூன்றாம்' என்ற குறிப்பு இதில்தான் வருகிறது.

இரண்டு 'டி' இருந்தால் பிழைக்காசா?

இல்லை. 1816 முதல் காசுகளில் வந்த 'பிரிட்ட்' (BRITT) என்ற லத்தீன் சுருக்கத்தில் மெய் இரட்டித்தால் பன்மை: பிரிட்டன்களின் அரசர். அரிய அச்சுப்பிழை என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

ஆண்டு இல்லாத ஃபுளோரின்

ஆண்டு இருக்கிறது. 1851–1887 கோதிக் ஃபுளோரினில் (கோதிக் எழுத்துள்ள இரண்டு ஷில்லிங் காசு) அது ரோமன் எண்ணில், முகப்பு வாசகத்தின் முடிவில்.

பாலிஷ்

வேண்டாம்.

எல்லாம் ஸ்டெர்லிங் என்ற கணக்கு

1920க்கு முன் பெரும்பாலும் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. அதிலிருந்து 1946 வரை பாதிதான். 1947 முதல் புழக்கக் காசில் வெள்ளியே கிடையாது; அப்போது அதற்குப் பதிலாக வந்தவை செம்பும் நிக்கலும்.