பழைய பால உத்திரத்தைக் கார்பன் இழைப் பட்டையால் வலுவூட்டும் முறை

கான்கிரீட் பால உத்திரத்தின் அடியில் கார்பன் இழைப் பட்டை ஒட்டுவதற்கு முன், அந்த உத்திரம் எதனால் வலுக்குறைந்தது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாகனச் சுமை கூடியதுதான் காரணமென்றால் பட்டை பொருந்தும். கம்பி துருப்பிடித்திருந்தால், துருவை நிறுத்தாமல் ஒட்டுவது வீண்; துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், பட்டையோடு சேர்த்தே கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கண்டறியும் அரை மின்கலச் சோதனையில், தாமிர சல்பேட் மின்வாயை ஒப்பிட்டு, -350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டும் இடங்களில் அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு. அங்கே கெட்ட கான்கிரீட்டை வெட்டியெடுத்து, கம்பியைத் துலக்கி, புதுப்பூச்சால் சீராக்க வேண்டும்.

வடிவமைப்பில் பட்டையின் இழுவலிமை முழுவதையும் கணக்கில் எடுப்பது தவறு. அறுவதற்கு வெகு முன்பே அது கான்கிரீட்டிலிருந்து உரிந்துவிடும். ஆகவே உரியும் நிலைத் திரிபே, அதாவது உரியும் கட்டத்தில் பட்டை தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டிருக்கிறது என்பதே, எல்லை. அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் 440.2ஆர் வழிகாட்டியின்படி, இத்திரிபு பட்டையின் மொத்தத் தடிமனின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 25 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில், 165 கிகாபாஸ்கல் மீள்குணகமும் (நீட்சியை எதிர்க்கும் விறைப்பின் அளவு) 1.2 மி.மீ. தடிமனும் கொண்ட பட்டைக்கு அது ஏறத்தாழ 0.0046, இரண்டு அடுக்கானால் 0.0033. பொருட்செலவு இரட்டிக்க, கிடைக்கும் விசையோ 1.4 மடங்காகத்தான் கூடுகிறது. இடமிருந்தால் அடுக்கைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுவதே மேல்.

ஒட்டும் நேரத்தில் உத்திரம் தன் எடையைச் சுமந்துகொண்டிருப்பதால், அந்தத் தொடக்கத் திரிபையும் கணக்கில் கழிக்க வேண்டும். தீயிலோ மோதலிலோ பட்டை போய்விட்டாலும், நிலைச்சுமையின் 1.1 மடங்கையும் இயங்குசுமையின் 0.75 மடங்கையும் பழைய உத்திரம் தனியே தாங்க வேண்டும். தாங்காதெனில் இம்முறையைக் கைவிடுவதே சரி. வளைவுத்திறன் கூடிய உத்திரம் முன்னறிவிப்பின்றி வெட்டுவிசையில் (உத்திரத்தைக் குறுக்கே நறுக்கப் பார்க்கும் விசை) உடையக்கூடும் என்பதால், தாங்கிகளுக்கு அருகே அதையும் சரிபார்த்து, தேவையானால் பக்கங்களிலும் ஏறும்படி யு-வடிவ உறை போட வேண்டும்.

களத்தில், கான்கிரீட்டின் மேற்பாலை (பரப்பில் படிந்த வலுவற்ற சிமெண்ட் படலம்) சுரண்டி, உறை மடியும் விளிம்புகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும். பிய்த்திழுப்புச் சோதனையில் பரப்பு 1.4 மெகாபாஸ்கலாவது தாங்கட்டும். பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இல்லாத வேளையில் எபாக்சிப் பசை பூசக் கூடாது. ஆற்றின் மேல் அதிகாலை வேலைக்கு இது பெரும்பாலும் இடங்கொடுக்காது. எபாக்சி இறுகியதும் பட்டை நெடுகச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலிக்கும் இடங்களைச் சாக்கட்டியால் குறிக்கவும். 1,300 சதுர மி.மீ.க்குக் குறைந்தவை அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் விட்டுவிடலாம். 16,000 சதுர மி.மீ.க்கு மேற்பட்டதை வெட்டியெடுத்து, போதிய மேற்படிவுடன் புதுப்பட்டை ஒட்ட வேண்டும்.