பௌத்தக் கல்லூரியில் மூன்கேக் பண்டிகை: முதல்முறை நடத்துபவர்களுக்கு

சீன நாட்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமிதான் மூன்கேக் பண்டிகை. 2026-இல் அது செப்டம்பர் 25. குடும்பம் ஒன்றுகூடும் நாள் என்பதால்தான் மூன்கேக் என்கிற, பூரணம் வைத்த இந்தக் கேக்கும் வட்டமாக இருக்கிறது. ஆனால் சீன மொழியில் துறவு பூணுவதற்கே 'சூஜியா', அதாவது வீட்டை விட்டு வெளியேறுதல் என்று பெயர். அப்படி வெளியேறி வந்த மாணவர்களோடுதான் இதைக் கொண்டாடப் போகிறோம்.

முதலில் சமையலறையைக் கேளுங்கள். கடை மூன்கேக்கில் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு இருக்கும், சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் இருக்கும். இரண்டுமே இங்கே ஆகாது. வேறு பலகாரம் செய்தால் வெங்காயம், பூண்டும் கூடாது.

அடுத்து நேரம். நண்பகலுக்குப் பின் சாப்பிடாத துறவிகளும் உண்டு. அவர்களுக்குக் காலையிலேயே கேக்கைக் கொடுத்துவிட்டு, மாலையில் தேநீர் மட்டும் வைக்கலாம்.

சரி, கேக்குக்கு வருவோம். அடுப்பே வேண்டாத 'பனித்தோல்' வகைதான் புதியவர்களுக்கு ஏற்றது. எட்டு கேக்குக்கு வேக வைத்த பசையரிசி மாவு 60 கிராம், ஐசிங் சர்க்கரை 60 கிராம், வெஜிடபிள் ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) 20 கிராம், ஐஸ் தண்ணீர் சுமார் 80 மில்லி. மாவைப் பச்சையாக வாங்கிவிடாதீர்கள், வெந்த மாவு என்று கேட்டு வாங்குங்கள். முதலில் மாவையும் சர்க்கரையையும் சலித்து, ஷார்ட்டனிங்கைப் பிசிறி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்கும், அந்தப் பதம். 25 கிராம் மாவைத் தட்டி, 25 கிராம் தாமரை விதைப் பூரணத்தை வைத்து மூடி, 50 கிராம் அச்சில் அழுத்துங்கள். அச்சில் மாவு தூவ மறந்ததால் என் முதல் கேக் பூ பாதி, பிசின் பாதியாக வந்தது. அப்புறம் மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில்.

மாலையில் நிலா தெரியும் பக்கம் மேசை போட்டு, பொமேலோ (பம்பளிமாஸ்), சேப்பங்கிழங்கு, தேநீர், ஊதுபத்தி வையுங்கள். பௌத்தர்கள் வணங்கும் அருளாளர்களில் ஒருவரான நிலவொளி போதிசத்துவருக்குரிய நாளாகவும் சீன பௌத்தர்கள் இதைக் கருதுவதால், ஓதுதலை முடித்துவிட்டு விளக்கேற்றுவது நல்லது. காகித விளக்குகளில் விடுகதைச் சீட்டுகளை ஒட்டினால், பேசாத பிள்ளைகளும் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

கேக்கை முழுசாகக் கொடுக்காதீர்கள், திகட்டும். நான்காக வெட்டிப் பகிருங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், பிறகு தோல் இறுகிவிடும்.