மே மாதத்தில் அலாஸ்கா கப்பல்: நீலகிரிக்காரர்களுக்கு

ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தால் சேரிங்கிராஸைத் தாண்டவே முடியாத அதே மே மாதத்தில், அலாஸ்கா கப்பல்களில் பெரும்பாலும் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. அங்கே நெரிசல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். செப்டம்பரிலும் மலிவாகக் கிடைக்கும், இரவில் துருவ ஒளி தெரியவும் வாய்ப்பு உண்டு, ஆனால் மழை வலுக்கும். என்னைக் கேட்டால் மே தான். மலைகளில் பனி இன்னும் கரைந்திருக்காது, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த கூனல் திமிங்கலங்களும் திரும்பியிருக்கும். சால்மன் மீன் பிடிக்கும் கரடியைப் பார்க்கத்தான் ஆசை என்றால் மே வேண்டாம்.

விசாவை முதலில் முடியுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கினாலும் கனடா விசா தேவைப்படும், ஏனென்றால் வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், அது பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவாக இருக்கும். அமெரிக்க விசா நேர்காணலுக்குச் சென்னை போகவேண்டியிருக்கும், அதற்கான தேதியைச் சீக்கிரமே பிடித்துவிடுங்கள்.

அப்புறம் துணி. நம் ஸ்வெட்டரும் குல்லாவும் போதும், ஆனால் மேலே காற்றும் தண்ணீரும் புகாத கோட் கட்டாயம். டெக்கில் அடிக்கிற காற்று தொட்டபெட்டாக் காற்றை விடக் கடுமையாக இருக்கும்.

வயதானவர்கள் வந்தால் தீவுகளுக்கு நடுவே போகும் இன்சைடு பாசேஜ் வழியைத் தேர்ந்தெடுங்கள், அலை குறைவு. அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும்.