காலனிக்கால ஆஸ்திரேலிய மரச்சாமான்: வாங்குமுன் இழுப்பறையை உருவிப் பாருங்கள்

1788-ல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1901-ல் காலனிகள் ஒரே நாடாகும் வரை அங்கே செய்யப்பட்ட சாமான்களைத்தான் காலனிக்காலத்தவை என்கிறோம். அவற்றைச் செய்த தச்சர்கள் பெரும்பாலும் பிரிட்டனில் தொழில் பழகியவர்கள். கைதியாக வந்தவர்களும் உண்டு, பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. கை பழகிய வடிவத்தையே அவர்கள் அங்கும் செய்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சாமான்களும் ஏராளம். ஆகவே முன்பக்கத்தை மட்டும் பார்த்து சிட்னியா லண்டனா என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் செய்தது என்றால் விலை ஏறிவிடும் என்பதால் இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. விடை பெரும்பாலும் வெளியே தெரியாத மரத்தில் இருக்கிறது.

முதலில் மரங்களைப் பழகிக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து சாமான்களில் ரெட் சீடர்தான் ராஜா. டாஸ்மானியாவில் சீடரோடு பிளாக்வுட், மஸ்க், ஹுவோன் பைன் ஆகியவையும் வரும். வெளிர் மஞ்சளான ஹுவோன் பைன் தனி வாசனை கொண்டது. மூடியே கிடந்த பெட்டியைத் திறந்தால் இன்றும் அந்த வாசனை மூக்கில் ஏறும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதியில் ஜெர்மானியக் குடியேறிகள் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தையும் உள்ளூர்ப் பைனையும் கொண்டு தங்கள் ஊர்ப் பாணியிலேயே செய்தார்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது மகோகனியும் சீடரும்தான். பாலிஷ் போட்டால் இரண்டும் ஒரே சிவப்பு. தூக்கிப் பாருங்கள்: சீடர் கனமீட்டருக்குச் சுமார் 450 கிலோதான், நல்ல மகோகனி அதைவிட நன்றாகவே கனக்கும். சீடர் மென்மையானது, மறைவான இடத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழும். பத்து மடங்கு லென்ஸில் வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஆண்டு வளையம் தொடங்கும் இடத்தில் துளைகள் பெரிதாகவும், போகப்போகச் சிறிதாகவும் இருக்கும். மகோகனியில் துளைகள் ஏறக்குறைய சீராகப் பரவியிருக்கும். ஒரு எச்சரிக்கை: இதே சீடர் இனம் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்கிறது. மர ஆய்வில் இனம் உறுதியானாலும் நாடு உறுதியாகிவிடாது.

இப்போது இழுப்பறை. முழுதாக வெளியே உருவி, வெளிச்சத்தில் கவிழ்த்து வையுங்கள். இங்கிலாந்துத் தச்சருக்கு மகோகனி விலை உயர்ந்த சரக்கு. அதனால் முன்பக்கத்தில் வெனீராக, அதாவது மெல்லிய தகடாகச் சீவி, ஒட்டிவிட்டு, உள்ளே பைனையோ ஓக்கையோ போடுவார். சிட்னியில் சீடர் தாராளமாகக் கிடைத்ததால் பக்கப்பலகை, அடிப்பலகை, முதுகுப்பலகை எல்லாமே சீடராக இருப்பது வழக்கம். உள்ளே பைன் இருந்தாலே ஆஸ்திரேலியா இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. இறக்குமதிப் பைனையும் நியூசிலாந்தின் கௌரி மரத்தையும் உள்வேலைக்குப் போட்டவர்கள் உண்டு.

அடிப்பலகை காய்ந்து சுருங்கி, முன்பலகையில் அது செருகியிருக்கும் பள்ளத்திலிருந்து கொஞ்சம் வெளியே வந்திருக்கும். பள்ளத்துக்குள் இருந்த அந்த ஓரக் கீற்று மட்டும் மற்ற இடத்தைவிட வெளிறியிருந்தால் நல்ல அறிகுறி. பக்கப்பலகைகளின் கீழ்விளிம்பைத் தடவுங்கள், நூறாண்டு இழுத்ததில் தேய்ந்திருக்க வேண்டும். பிறகு இழுப்பறை ஓடும் சட்டத்தைப் பாருங்கள். பலகை தேய்ந்திருக்கிறது, சட்டம் தட்டையாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பிற்காலத்தது. பாலிஷ் படாத உள்மரம் வறண்ட, சீரற்ற பழுப்பில் இருக்கும். எங்கும் ஒரே நிறமாக இருந்தால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். கைப்பிடிக்குப் பின்னால் உபரித் துளைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. அது பெரிய குற்றமில்லை, ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

வாள் தடமும் பேசும். நேர்கோடாக, இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் கைவாள். வில் வளைவாக இருந்தால் வட்டவாள் வேலை, அது பிந்திய காலத்தைக் காட்டும். கூர்முனை ஸ்க்ரூ 1850-ஐ ஒட்டித்தான் பரவியது. 1820 என்று சொல்லப்படும் சாமானில் முனை மொட்டையாகவும் தலைப்பிளவு மையம் விலகியும் இருக்க வேண்டும். ஒரே ஒரு புது ஸ்க்ரூ பழுது பார்த்ததன் அடையாளமாக இருக்கலாம். எல்லாமே கூர்முனை என்றால் தேதி தவறு.

வட்ட மேசையென்றால் டேப்பைப் பிடித்து இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும் என்பதால் அந்த அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். துல்லியமான வட்டமென்றால் மேல்பலகையைச் சந்தேகப்படுங்கள். கடைசல் கால்களை காலிப்பரால் அளந்தாலும் அதே கதை தெரியும். இரண்டு அடுக்குச் சாமானில் மேலும் கீழும் வேறு வேறு சாமானிலிருந்து வந்து ஒட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். முதுகுப்பலகையின் மரமும் டவ்டெயில் (புறாவால் வடிவ மூட்டு) வெட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிட்னியின் தச்சர் ஆண்ட்ரூ லெனஹான் போன்றவர்களின் பெயர் முத்திரை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் ஒட்டிய சீட்டு செய்தவருடையதாக இல்லாமல் விற்ற கடையுடையதாகவும் இருக்கலாம்.

மேற்பூச்சில்தான் ஈடுகட்ட முடியாத சேதம் நடந்திருக்கிறது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிச் சுரண்டப்பட்ட சீடர் கறுத்துப்போகும், நார் எழும்பும், பழைய வஜ்ஜிரப் பசை விட்டுப்போகும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். மறைவிடத்தில் பஞ்சுக்குச்சியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ் இருக்கிறது. இருந்தால் அதை எடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகு மட்டும் தடவுங்கள். சிலிக்கோன் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது மரத்தில் ஊறிவிட்டால் பிறகு எந்தப் பாலிஷும் சரியாகப் பிடிக்காது. சமையலறை அலமாரியில் பழைய பெயின்ட் அடுக்குகள் இருந்தால் அப்படியே விடுங்கள், சாமானின் வரலாறு அதில்தான் இருக்கிறது. வண்டுத் துளை தெரிந்தால் ஆஸ்திரேலியாவின் கோடையான டிசம்பர், ஜனவரியில் சாமானுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது.

வெள்ளியில் சிக்கல் வேறு மாதிரி. காலனிகளில் வெள்ளியின் தூய்மையைச் சோதித்து முத்திரை குத்தும் அரசுச் சாலை இல்லாததால் சிட்னியின் அலெக்சாண்டர் டிக் போன்ற வெள்ளிக்கொல்லர்கள் ஆங்கில முத்திரையைப் போன்றதையே குத்தினார்கள். சீனாவிலும் இந்தியாவிலும்கூட அப்படிப்பட்ட போலி முத்திரைகள் உண்டு. ஆகவே எழுத்துகள் மட்டும் ஒத்தால் போதாது, எல்லா முத்திரைகளும் ஒரே வரிசையில் ஒத்துப்போக வேண்டும். அடிலெய்டின் ஸ்டைனர், வெண்ட் ஆகியோர் ஈமு முட்டையை வெள்ளியில் பதித்துச் செய்தவற்றில் முட்டையில் விரிசல் இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மண்பாண்டத்தில் நியூ சவுத் வேல்ஸின் லித்கோ ஊர்ப் பாண்டங்களின் கங்காரு முத்திரை தொடங்குவதற்கு நல்ல இடம்.

கண் பழக சிட்னியின் எலிசபெத் பே ஹவுஸுக்கும் டாஸ்மானியாவில் லான்செஸ்டனின் குவீன் விக்டோரியா அருங்காட்சியகத்துக்கும் போங்கள். ஏலத்தில் அறிவிக்கும் விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணம் உண்டு. அது 25 சதவீதம் என்றால் 4,000 டாலர் சாமான் 5,000 ஆகிவிடும், ஏற்றுக்கூலி தனி. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கான பழைய ரசீது, படம், கடிதம் எல்லாவற்றையும் விற்பவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பிறகு கிடைக்காது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதானால் 1986-ம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவைப்படலாம். கப்பலில் இடம் பிடிக்கும் முன்பே அதற்கு விண்ணப்பியுங்கள்.