வன்னிக்குள் வாகனம் கொதித்தால்: தாயகம் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களிற் பல, இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வாகனத்தில் ஏறி, வவுனியா தாண்டி ஏ9 வீதியால் வன்னி ஊடாக வடக்கே செல்கின்றன. வன்னிக்குப் பெருமழை தருவது ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்று. ஆகவே இந்தப் பயணங்கள் மண் காய்ந்து சோளகக் காற்று புழுதியை வாரும் மாதங்களில் அமைகின்றன. வான் நிறைய ஆட்களும் பெட்டிகளும், முழு வீச்சில் ஏசியும் என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு தன் எல்லைக்கு அருகிலேயே வேலை செய்துகொண்டிருக்கும். வாகனங்களும் புதியவை அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு மீளத் திறக்கப்பட்டது. வாடகைக்குக் கிடைப்பதும் உறவினர் அன்போடு தருவதும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய, ரப்பர் ஹோஸ்கள் இறுகிப்போன வாகனங்களே.

கொதித்த வாகனத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்வதுதான் எஞ்சின்களை அழிக்கிறது. குளிர்விக்கும் அமைப்பு மூடிய அமைப்பு. அதில் தண்ணீர் குறைந்திருந்தால் அது எங்கேயோ போயிருக்கிறது. போன வழியைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது அடுத்த இருபது கிலோமீற்றரில் இன்னும் பெரிய சேதத்துக்கு வழி செய்வதாகும்.

வாகனத்தைப் பொறுப்பேற்கும் காலையிலேயே, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் விளிம்பு வரை, தெளிந்த நிறத்தோடு நிற்க வேண்டும். துருநிறமாகவோ எண்ணெய்ப் படலத்தோடோ இருந்தால் அந்த வாகனத்தில் நெடுந்தூரம் போக வேண்டாம். மூடியின் ரப்பர் வளையத்தையும் கவனியுங்கள். ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தை அது தாங்குவதாலேயே, 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கிறது. மலிவான மூடி ஒன்று பழுதானால், வேறு எதுவும் பழுதாகாமலே வாகனம் கொதிக்கும்.

இன்னொன்றையும் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: வெப்பத்தைக் காட்டும் முள் இருக்கிறதா, வெறும் விளக்கு மட்டுமா? அக்குவா, வகன் ஆர் போன்ற பல சிறிய கார்களில் முள் இல்லை. குளிரில் நீல விளக்கும் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கும் மட்டுமே எரியும். முள் இருந்தால் அது ஏறுவதைக் கண்டு முன்கூட்டியே நிறுத்தலாம். சிவப்பு விளக்கோ எச்சரிக்கை அல்ல, ஆபத்து வந்துவிட்டது என்ற அறிவித்தல்.

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏறக்குறைய 75 கிலோமீற்றர். நடுவே மாங்குளம் ஒன்றே ஓரளவு பெரிய சந்தி. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமாகத் திரும்பினாலும், பூநகரியிலிருந்து மன்னார் நோக்கி ஏ32 வீதியில் இறங்கினாலும் கராஜ்கள் இன்னும் அரிது. சாரதி "அடுத்த சந்தி மட்டும் போயிடலாம்" என்று சொல்வது இதனாலேதான். காட்டு வீதியில் குழந்தைகளோடு நிற்க அவருக்கும் மனமில்லை. ஆனால் அலுமினிய எஞ்சின் தலை வளைவதற்கு அந்தச் சில கிலோமீற்றர்களே போதும். "தம்பி, ஓரமா நிப்பாட்டுங்கோ, செலவு வந்தால் நாங்கள் பாக்கிறம்" என்று வாகனத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் அவரும் மறுக்க மாட்டார்.

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உள்ளே வெக்கை தாங்காது. ஆனால் ஹீற்றரும் ஒரு சிறு ரேடியேற்றர்தான், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியேற்றும். பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்துங்கள். ஆவி பறந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பாய்ந்து தோலை உரித்துவிடும். சூடான எஞ்சினின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் உலோகத்தை வெடிக்கச் செய்யும். காத்திருக்கும் நேரத்தில் நிழலையோ தண்ணீரையோ தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள்: கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு, சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டவே கூடாது. பொழுது சாய்ந்தபின் யானை நடமாடும் வீதிகளில் வாகனத்தை விட்டு விலகாதிருப்பதும் நல்லது.

என்ன தண்ணீர் ஊற்றுவது என்பது வன்னியில் சிறிய கேள்வி அல்ல. பல இடங்களில் கிணற்றுநீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படிந்து அவற்றை அடைத்துவிடும். பூநகரிப் பக்கத்து உவர்நீர் அலுமினியத்தையே அரிக்கும். ஆகவே போத்தல் தண்ணீரையோ, ஊர்களில் விற்கப்படும் சுத்திகரித்த குடிநீரையோ ஐந்து லீற்றர் அளவில் எப்போதும் வாகனத்தில் வைத்திருங்கள். வேறு வழியின்றிக் கிணற்றுநீர் ஊற்ற நேர்ந்தால், நகரம் சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிய கூலன்ற் நிரப்பச் சொல்லுங்கள். கூலன்ற் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. உறைவதைத் தடுப்பது போலவே கொதிநிலையை உயர்த்தி, துருவையும் தடுக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்பவை நிறுவனங்கள் இடும் சாயமே. வாகனக் கையேடு சொல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பழுது எங்கே என்பதை, எப்போது சூடேறியது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். நகரத்துக்குள் ஊர்ந்து செல்லும்போது சூடேறி, திறந்த வீதியில் ஓடும்போது தணிந்தால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். மின்விசிறி உள்ள வாகனத்தில் ஏசியைப் போட்டதும் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால் முதலில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஓட ஓடச் சூடேறினால் ரேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வான தேர்மோஸ்ராற் திறக்காமல் நிற்கலாம். எஞ்சின் சூடாக இருந்தும், தேர்மோஸ்ராற்றுக்கு ஒரு பக்கத்து ஹோஸ் சுட்டு மறுபக்கத்து ஹோஸ் குளிர்ந்திருந்தால் அது மூடியே நிற்கிறது என்று கொள்ளலாம். சூட்டு விளக்கோடு பற்றரி விளக்கும் சேர்ந்து எரிந்தால், பெல்ற் அறுந்து தண்ணீர்ப் பம்பும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் ஒரு கிலோமீற்றர் கூட ஓடக் கூடாது. கிரவல் வீதிப் புழுதியும் அறுவடைக் காலத்து வைக்கோல் துகளும் ஏசிக் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் புகுந்து அடைப்பதும் இங்கே அடிக்கடி நடப்பதே. அதை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய நீர்வீச்சால் கழுவ வேண்டும்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் நிற்கும். அந்த நிறுத்தத்தில் குனிந்து வாகனத்தின் அடியைப் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற குளிர்நீர். நிறமும் பிசுக்கும் இனித்த மணமும் கொண்டது கூலன்ற். ஹோஸின் நுனியில், கிளிப்புக்கு அருகே வெடித்திருந்தால், குளிர்ந்தபின் அந்த நுனியை வெட்டிவிட்டு மீண்டும் பூட்டலாம். நடுவில் வெடித்திருந்தால் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுகச் சுற்றி, கம்பியால் கட்டி, மெதுவாக ஓடிக் கராஜை அடையலாம். மஞ்சள்தூளோ முட்டையின் வெள்ளையோ போட்டு ஒழுக்கை அடைக்கச் சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அவை ஒழுக்கை அடைப்பதோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

கிளிநொச்சி, வவுனியாக் கராஜ்களில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில், இருந்ததைக் கொண்டே வாகனங்களை ஓட வைத்த திறமை வன்னியில் வழிவழியாக வருவது, அது மதிக்கத்தக்கது. ஆயினும் "இந்த நாட்டுச் சூட்டுக்குத் தேர்மோஸ்ராற் தேவையில்லை" என்று அதைக் கழற்றிவிடும் பழக்கத்துக்கு மட்டும் உடன்படாதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே, ரேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் சுற்றுவழியை மூடி, தண்ணீரை ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சந்தேகம் இருந்தால் கழற்றியதைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதியதை மாற்றுங்கள். உதிரிப்பாகம் அங்கே இல்லாவிட்டால், சேசி இலக்கத்தைக் கொடுத்துக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரிக்கச் சொல்லலாம்.

ரேடியேற்றரில் இடைவிடாது குமிழி வருவது, குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் ஹோஸ் இறுகுவது, எஞ்சின் எண்ணெய் பால் கலந்தது போல் வெளிறுவது, புகைக்குழாயில் இனித்த வெண்புகை வருவது ஆகியவை, எஞ்சின் தலைக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கெஸ்கற் போனதன் அடையாளங்கள். கெஸ்கற்றை மட்டும் மாற்றிப் பூட்டினால் அது மீண்டும் போகும். எஞ்சின் தலையை லேத் வேலைத்தளத்துக்கு அனுப்பி, வளைவையும் வெடிப்பையும் சோதிப்பிக்க வேண்டும். பல ஜப்பானிய எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். வாகனத்தை விட்டுவிட்டுப் பேருந்திலோ ரயிலிலோ பயணத்தைத் தொடருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

ஹைபிரிட் வாகனம் என்றால், "ரெடி" விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பொனற்றுக்குள் கை விடக் கூடாது. எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் கூலன்றுக்குத் தனித் தொட்டி உண்டு, அதையும் பாருங்கள். பின்இருக்கைப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைப் பயணப் பைகளால் மறைக்க வேண்டாம்.

திருத்தம் முடிந்ததும் ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை இயக்கி, விசிறி ஓரிரு முறை சுழன்று நிற்கும்வரை குமிழிகளை வெளியேற்றச் சொல்லுங்கள். உள்ளே சிக்கிய காற்றால், சரியாகத் திருத்திய வாகனமும் மீண்டும் கொதிக்கும். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை மீண்டும் பாருங்கள். சற்றுக் குறைந்திருந்தால் நிரப்பி, அடுத்த நாளும் பாருங்கள். அன்றும் குறைந்திருந்தால் அதே கராஜுக்குத் திரும்பிச் சென்று, "அண்ணை, தண்ணி இன்னும் எங்கயோ போகுது, பிறெசர் போட்டுப் பாருங்கோ" என்று சொல்லுங்கள்.