வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் பெர்க்லி மாணவர்கள் பெர்க்லியில் வீடு பார்ப்பது எப்படி?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம், முதலாண்டில் சேருவோருக்கு நான்கு ஆண்டுகளும் விடுதி இடம் உண்டு என்று 2022இல் அறிவித்தது. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலோ அத்தகைய உறுதி வழக்கமாக முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டில் படிக்க விரும்பும் பெர்க்லி மாணவர், முதலாண்டு முடிவதற்குள்ளேயே வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும்.

வளாகத்துக்கு வெளியே உள்ள வீடுகளுக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதங்களுக்கானது. ஜூனிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். ஒரு செமஸ்டரோ ஏறத்தாழ நான்கு மாதங்கள்தான். ஆகவே எந்த நாட்டுக்கு, எந்தப் பருவத்தில் போகிறோம் என்பதை முடிவுசெய்த பிறகே கையெழுத்திடுங்கள். பெர்க்லியின் இலையுதிர் பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் அடுத்த பருவம் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் இரண்டாம் செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிவதால் இதனோடு பொருந்திவிடும். ஜெர்மனியின் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை நீள்வதால், அதை எடுப்பவர் ஜனவரி வகுப்புகளுக்குத் திரும்ப முடியாது. ஆண்டு முழுவதும் அங்கேயே தங்குவதோ, டிசம்பரில் பெர்க்லியை முடித்துக்கொண்டு ஏப்ரலில் தொடங்கும் கோடைச் செமஸ்டருக்குச் செல்வதோதான் வழி. நாட்காட்டியைப் பார்க்காமல் வீடு பிடித்தவர்கள், ஆளில்லாத அறைக்கு மாதாமாதம் வாடகை கட்ட நேர்கிறது.

என் பார்வையில் சிறந்த ஏற்பாடு, எதிர்ப் பருவத்தில் வெளிநாடு செல்லும் ஒருவரோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொள்வதுதான்: அவர் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை அங்கே தங்குவார், நீங்கள் ஜனவரி முதல். இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், 1933இல் தொடங்கிய பெர்க்லி மாணவர் கூட்டுறவு இல்லங்களைப் பாருங்கள். அங்கே வாரத்தில் சில மணி நேரம் சமையலோ துப்புரவோ செய்ய வேண்டும்; கோடைக்குத் தனி ஒப்பந்தம் என்பதால் வெறும் அறைக்குக் கோடை வாடகை தர வேண்டியதில்லை.

அறையை உள்வாடகைக்கு விடுவதாக இருந்தால், வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். உள்வாடகைக்கு வந்தவர் பணம் தராவிட்டாலும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், பெரும்பாலும் ஒருவர் தவறும் பங்கை மற்ற மூவரிடமும் கேட்க முடியும். ஆகையால் வீட்டுத்தோழர்களுக்கும் வரப்போகிறவரை முன்பே அறிமுகம் செய்துவைப்பதுதான் நியாயம். சாவியைக் கொடுக்கும் நாளில் சுவர், மெத்தை, குளியலறைத் தரை, மேசை இழுப்பறை ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, இருவரும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை கலிபோர்னியச் சட்டம் துணை நிற்கிறது. 2024 ஜூலை முதல், ஒருசில சிறிய வீட்டுக்காரர்களைத் தவிர மற்றவர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்த 21 நாட்களுக்குள் மீதிப் பணத்தையும், பிடித்தம் இருந்தால் அதன் கணக்கையும் வீட்டுக்காரர் அனுப்பியாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வேறு நாட்டில் இருக்கக்கூடும் என்பதால், காசோலை வந்துசேர வேண்டிய அமெரிக்க முகவரி ஒன்றை எழுத்தில் கொடுத்துவிட்டு, வங்கிக் கணக்கை மூடாமல் புறப்படுங்கள்.