ஊர்ல பழைய வீட்ல தங்கப் போறீங்களா? மொதல்ல கூரைய அண்ணாந்து பாருங்க

லண்டன்ல இருந்து குடியாத்தம் பக்கம் எங்க ஊருக்கு ஆகஸ்ட்ல நாலு நாள் வேலைன்னு போனேன், பதினேழு நாள் ஆயிடுச்சு, திரும்பறப்ப மலேரியாவும் கூட வந்துச்சு. அவ்ளோ நாள் இழுத்ததுக்குக் காரணம் பட்டா. நைனா போனப்புறம் வீட்டு பட்டாவ எங்க மூணு பேர் பேருக்கு மாத்தணும், இறப்புச் சான்றிதழ்ல இனிஷியல் கே, பத்திரத்துல சி, அந்த ஒரு எழுத்துக்காக காலைல பத்து மணிக்கு தாலுகா ஆபீசுக்குப் போய் வேப்பமரத்தடியில உக்காந்தா சாயங்காலம் "சர்வேயர் ஃபீல்டுக்குப் போயிட்டாரு சார், நாளைக்கு வாங்க", மறுநாள் மீட்டிங், அதுக்கு மறுநாள் சர்வர் வேலை செய்யல. என் கூட நின்னவங்கள்ல பாதிப்பேர் ரெண்டு பஸ் மாறி வந்த வயசானவங்க, அவங்களுக்கும் அதே பதில்தான், இப்ப நெனைச்சாலும் ஆத்திரமா வருது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எல்லாப் பேப்பர்லயும் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு எழுத்தெழுத்தா பாத்துடுங்க.

காட்பாடியில ரூம் போட்டிருந்தேன். அத்தை விடல. "எங்கண்ணன் கட்ன வூடு இருக்க சொல்லோ நீ லாட்ஜுல படுத்தா ஊர்ல இன்னா பேசுவாங்க"ன்னு அழுதுட்டாங்க.

பதினாறு ராத்திரி அங்கதான். மண்சுவரு, மங்களூர் ஓடு, சுவரு முடியற எடத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு சாண் சந்து, ஜன்னலுக்கு கம்பி மட்டும், வலை கெடையாது. படுத்துகினு பாத்தா ஒடஞ்ச ஓடு வழியா நட்சத்திரம் தெரியும், சின்ன வயசுல அதை எண்ணிகினேதான் தூங்குவேன். கரண்ட் போய் ஃபேன் நின்னதும் கொசு. மலேரியா பரப்பற அனாபிலஸ் ராத்திரியில கடிக்கறது, சுவத்துல பின்பக்கத்த தூக்கிகினு சாய்வா உக்காரும். டார்ச் அடிச்சுப் பாத்தேன், பெருசா எடுத்துக்கல.

பின்னாடி சிமெண்ட் தொட்டி, மூடி ஒடஞ்சு கெடக்கு, தண்ணி தெளிவா இருந்துச்சு, எட்டிப் பாத்தா மேல்மட்டத்துலயே படுத்த வாக்குல சின்னச் சின்னப் புழு. மத்த கொசுப்புழு தலைகீழா தொங்கும், அனாபிலஸ் புழு இப்படித்தான் படுத்திருக்கும். சாக்கடை இல்லாத வீடுன்னு நிம்மதியா இருக்காதீங்க, நம்ம டவுன்கள்ல மலேரியா பரப்பற ஸ்டீபன்சிங்கற அனாபிலஸ் வகை நல்ல தண்ணி தொட்டி, கெணறு, மாடி டேங்க்லதான் முட்டை போடும்.

லண்டன் திரும்பி பன்னெண்டாம் நாள் குளிர் தூக்கிப் போட்டுச்சு. வைவாக்ஸ்ங்கற வகை மலேரியா. நம்ம பக்கம் இப்ப ரொம்பக் கம்மிதான், ஆனா இல்லாம போகல. இது ஈரல்ல ஒளிஞ்சிருந்து மாசக்கணக்குல கழிச்சும் திரும்ப வரும், அதனால காய்ச்சல் எப்ப வந்தாலும் டாக்டர்கிட்ட ஊருக்குப் போனதைச் சொல்லுங்க, ஜி6பிடி டெஸ்ட் (மாத்திரை ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) பண்ணிட்டு, ஈரல்ல ஒளிஞ்சிருக்கறதக் கொல்ற ப்ரைமாகுயின் மாத்திரை 14 நாள் குடுத்தா ஒரு நாள்கூட விடாம முடிங்க.

வீடுதான் மொத காவல்ங்க. ஆப்பிரிக்காவுல காம்பியாவுல வீடுங்களுக்கு வலை அடிச்சும், கூரைக்குக் கீழ வலையில சீலிங் போட்டும் பாத்தாங்க, 2009-ல வந்த ஆய்வு, உள்ள வர்ற கொசு ஏறக்குறைய பாதியா கொறஞ்சிருக்கு, கொழந்தைங்களுக்கு ரத்தசோகையும் கொறஞ்சிருக்கு. போய் எறங்குன அன்னிக்கே ஓட்டுச் சந்துக்கும் ஜன்னலுக்கும் நைலான் வலை அடிக்க ஆள் வைங்க, தொட்டிக்கு இறுக்கமா மூடி போடுங்க, அதுவரைக்கும் கட்டிலுக்கு வலை கட்டிப் படுங்க, அத்தை சங்கடப்பட்டாலும் சரி.

எனக்குச் சரியானதும் அத்தைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் டெஸ்ட் பண்ண வச்சேன், அவங்களுக்கும் இருந்துச்சு. "ஜுரம் வந்து வந்து போவுதுடா"ன்னு ஒரு வருஷமா ஃபோன்ல சொல்லிகினேதான் இருந்தாங்க. மாத்திரை போட்டுக்கோங்க அத்தைன்னு சொல்லிட்டு வச்சிடுவேன். ஓடு மாத்த காசு கேட்டப்பவும் பட்டா முடியட்டும்னேன். பட்டா இன்னும் வரல, ஓடு மட்டும் போன வாரம் மாத்தியாச்சு.